ஒன்பது வரிச் சிபாரிசு

குசுமி தோமொயெக்குக் கதை எழுத வராது. இதை அவளே வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்வாள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியில் மழை பெய்யும், இரண்டாம் வரியில் யாராவது அழுவார்கள், மூன்றாம் வரியில் அவளுக்கே தூக்கம் வந்துவிடும். ஆனால் அடுத்தவர் எழுதியதில் எது நல்லது என்று மோப்பம் பிடிக்கிற மூக்கை ஆண்டவன் அவளுக்குக் கொடுத்திருந்தான்.

வயது நாற்பத்தாறு. தொயாமா துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன்கட்டித் தொழிற்சாலையில் வேலை. தலைக்கு வெள்ளைத் தொப்பி, வாய்க்குத் துணி, கண் மட்டும் வெளியே. மீனை அரைத்து அவித்த காமபொகோ கட்டிகள் ஆவி பறக்க வரிசையாக வரும். வெடிப்பு விழுந்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். பகலெல்லாம் பொறுக்கி எறிவாள். வீட்டுக்கு வந்து, அம்மா அப்பா படம் இருக்கிற புத்தர் மாடத்தில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து பொறுக்கி எடுப்பாள்.

எடுப்பது ரசிகர் கதைகளை. அனிமே என்கிற கார்ட்டூனைப் பார்த்து, வீடியோ கேமை ஆடி முடித்து, மனசு ஆறாதவர்கள் தாங்களாக எழுதிப் போடுகிற கதைகள் அங்கே மலையாகக் கிடக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தவிடு. மிச்ச ஐந்தைத் தோமொயெ தேடிப் பிடிப்பாள். பதினெட்டு வருஷமாக ஒரு பக்கம் நடத்துகிறாள். அங்கே அவள் பெயர் ஷிஜிமி, ஆற்றில் கிடக்கிற சின்னக் கிளிஞ்சலின் பெயர். ஒவ்வொரு கதைக்கும் ஒன்பதே வரியில் சிபாரிசு. முடிவைச் சொல்ல மாட்டாள். யார் படிக்க வேண்டும் என்று சொல்வாள். "அம்மாவோடு பேச்சு நின்றுபோனவர்கள் இதைப் படிக்கலாம்." "பல் பிடுங்கிய அன்று படிக்காதீர்கள், சிரித்தால் வலிக்கும்." முந்நூற்றுப் பன்னிரண்டு பேருடைய கதைகள் அந்தப் பட்டியலில் இருந்தன. ஷிஜிமி எழுதிவிட்டாள் என்றால் மறுநாள் அந்தக் கதைக்கு நூறு பேர் வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாருக்கும் யாருடைய நிஜப்பெயரும் தெரியாது. கேட்பதும் மரியாதையில்லை. கனசவாவில் பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிற ரிட்சு எட்டு வருஷமாகத் தோமொயெயோடு ஒரே ரயிலில் ஒசாகாவின் ரசிகர் சந்தைக்குப் போய், ஒரே தட்டில் சாப்பிட்டு வருகிறவள். அவளுக்கும் இவள் ஷிஜிமி அக்காதான்.

இன்னொரு சட்டமும் உண்டு, எங்கும் எழுதி வைக்காதது. கேமின் பெயரை முழுசாக எழுதக் கூடாது, நடுவில் வட்டம் போட்டு மறைக்க வேண்டும். கேமை உண்டாக்கியவர்கள் கண்ணில் இந்தக் கதைகள் படவே கூடாது. பாத்திரங்கள் அவர்களுடைய சொத்து. இரவல் நகையைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் ஆடலாம். நகைக்காரி வீட்டு வாசலில் போய் நின்று "எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கலாமா?

தோமொயெ பதினெட்டு வருஷமும் வட்டம் போட்டாள். 'உ○○க் கோட்டை' என்றுதான் எழுதுவாள்.

உப்புக் கோட்டை என்பது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின கேம். பிறகு அனிமேயாகவும் வந்தது. அதில் ஒர்தின் என்று ஒரு வாசல் காவல்காரன். எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுவான். ஏன் திறந்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது, அடுத்த காட்சியில் பிணமாகக் கிடப்பான். அந்த ஒர்தினைப் பற்றி நாகி என்ற பெயரில் ஒருத்தி கதை எழுதினாள். ஆறு வருஷத்தில் பதினோரு அத்தியாயம். தோமொயெ தன் பட்டியலின் தலையில் வைத்தது அதைத்தான். ரயிலில், குளியல் தொட்டியில், மீன் வரிசைக்கு முன்னால் நின்றபடி மனசுக்குள், எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. பன்னிரண்டாவதோடு முடியும் என்று நாகி சொல்லியிருந்தாள்.

கோடையில் ஒசாகா மண்டபத்தில் ரசிகர் புத்தகச் சந்தை. நாகியின் மேஜைக்கு முன்னால் தோமொயெ கையில் பலகாரப் பெட்டியோடு நின்றாள்.

"ஷிஜிமி-சான், நீங்க அந்த ஒன்பது வரி எழுதலேன்னா என் கதைய எங்க வீட்டுப் பூனை மட்டும்தான் படிச்சிருக்கும்," என்று நாகி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"பூனை என்ன சொல்லிச்சு?"

"தூங்கிருச்சு."

"கடைசி அத்தியாயம்...?"

"வருஷக் கடைசில. முதல்ல உங்களுக்குத்தான் அனுப்புவேன். ஒர்தின் ஏன் கதவைத் திறந்தான்னு உங்களுக்கு முன்னாடி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். சத்தியம்."

திரும்புகிற ரயிலில் ரிட்சு சீண்டினாள். "அக்கா, உங்களப் பாத்தா நிச்சயதார்த்தம் முடிஞ்ச பொண்ணு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் போ," என்றாள் தோமொயெ. வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தவிர உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசி பிறந்த சமயம், ஒரு பத்திரிகையில் உப்புக் கோட்டையின் கதையை எழுதிய தொக்கிவா என்ற பெரியவரின் பேட்டி வந்தது. உடம்பு முடியாமல் வேலையை விட்டு விலகுகிறாராம். கடைசிக் கேள்வி, ஏதாவது குறை உண்டா என்று. "உண்டு. ஒர்தினை ஒரு வார்த்தை பேச விடாமல் கொன்றுவிட்டேன். அப்போது நாள் போதவில்லை. அவன் பேசி யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்றிருந்தார்.

தோமொயெ அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டாள். இந்தக் கதையை யார் படிக்க வேண்டும் என்று சொல்வதுதானே அவள் பிழைப்பு. அவள் சிபாரிசு செய்ய வேண்டிய ஒரே ஆள் அங்கே இருந்தார், அதுவும் நோயில் கிடந்தார்.

நாகியிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. நல்லெண்ணத்துக்கும் ஒரு திருட்டுப் புத்தி உண்டு.

பதினோரு அத்தியாயத்தையும் அச்செடுத்துத் தைத்து, கூடவே தொழிற்சாலைக் கடையில் சிவப்பு மீன் உருவத்தில் செய்த பெரிய காமபொகோ ஒன்றும் வாங்கினாள். கல்யாணத்துக்குக் கொடுக்கிற வகை. கடையில் நின்ற கினுயொ அக்கா பெட்டியைச் சுற்றிக் கொடுத்தாள்.

"யாருக்குடி இவ்வளவு பெரிய மீனு?"

"ஒரு பெரியவருக்கு."

"ஓஹோ! தோமொயெக்கு நாப்பத்தாறுல வசந்தம் வந்திருச்சு!"

"சும்மா இருங்கக்கா."

"இந்தா, மேல வெள்ளத் தாளு சுத்தணும், சிவப்பு முடிச்சு போட்டது. கீழ உன் பேர எழுது."

"பேரு வேணாமே."

"பேரு போடாம எவளாவது பரிசு குடுப்பாளா? விஷம்னு நெனச்சுக் குப்பைல போடுவாங்க. எழுதுடி, முழுப்பேரு. பிரஷ் இருக்கு பாரு."

சரிதான். பரிசென்றால் பெயர் இருக்கத்தான் வேண்டும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பழக்கம். தோமொயெ மூச்சைப் பிடித்துக்கொண்டு அழகாக எழுதினாள்: குசுமி தோமொயெ.

பெட்டியையும் புத்தகத்தையும் பத்திரிகை முகவரி வழியாகப் பெரியவருக்கு அனுப்பினாள். பத்து நாள் கழித்து, எல்லோரும் பார்க்கிற இணையப் பக்கத்தில் தொக்கிவா ஒரு படம் போட்டார். பாதி தின்ற சிவப்பு மீன், தைத்த புத்தகம், வெள்ளைத் தாளில் முடிச்சுக்குக் கீழே பளிச்சென்று பெயர். "தொயாமா ரசிகை ஒருவர் அனுப்பியது. நாகி என்பவர் எழுதியதாம். என் ஒர்தின் பேசுகிறான். அழுதுவிட்டேன். இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே."

பாவம், மனிதர் புகழ்ந்துதான் எழுதினார். ஒரு நாளைக்குள் அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள். நகைக்காரியே தெருவில் நின்று, இன்னின்னார் கழுத்தில் என் நகை என்று கூவினது போல ஆயிற்று.

மூன்றாம் நாள் அந்தப் படம் காணாமல் போனது. நான்காம் நாள் கேம் கம்பெனியிலிருந்து மிகவும் மரியாதையாக ஓர் அறிவிப்பு வந்தது. தங்கள் பாத்திரங்களை வைத்து வெளியிடும் கதைகளைத் தயவுசெய்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறார்களாம். ஒரே வாரம்தான். இருபத்தைந்து வருஷமாக எழுதிச் சேர்ந்ததெல்லாம் ஒவ்வொரு வீடாக விளக்கணைத்தது போல இருண்டது. நாகியின் பக்கமும் இருண்டது.

தொயாமாவிலிருந்து மீனும் கதையுமாகத் திரிகிறவள் ஷிஜிமி ஒருத்திதான் என்று கண்டுபிடிக்க ரசிகர் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

முதல் கடிதம், கம்பெனி அறிவிப்பு வந்த அன்று மத்தியானமே வந்தது. "எப்போதும் காட்டும் அன்புக்கு நன்றி. சிரமத்துக்கு மன்னிக்கவும். என் கதையைப் பட்டியலிலிருந்து தயவுசெய்து நீக்கிவிடுங்கள்." உப்புக் கோட்டைக்குச் சம்பந்தமே இல்லாத, சமையல் அனிமேயை வைத்து எழுதுகிற ஒருத்தி. தோமொயெ நீக்கினாள். "உடனே நீக்கிவிட்டேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று பதில் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் ஒரே மாதிரி, யாரோ ஒரு தாளில் எழுதிக்கொடுத்து எல்லோரும் பார்த்து எழுதியது போல. ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டியவர்கள் வேறு, பெயரில்லாதவர்கள். "மீன்காரி, மீனை மட்டும் விற்றுவிட்டுப் போ." "கிழவனுக்குக் காதல் கடிதம் கொடுக்க அடுத்தவள் கதைதான் கிடைத்ததா?"

ரிட்சுவுக்குப் போன் செய்தாள். ஏழு தடவை மணி அடித்தபின் எடுத்தாள்.

"ரிட்சு, நான்தான்."

"குசுமி-சான் பேசுறீங்களா?"

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து அந்தக் குடும்பப் பெயர், 'சான்' என்ற மரியாதை ஒட்டோடு. தோமொயெக்கு உடம்பில் துணி இல்லாதது போல இருந்தது.

"ஏன்டி அப்படிக் கூப்பிடுற?"

"ஊருக்கே தெரிஞ்ச பேருதானே. எழுத்து ரொம்ப அழகுன்னு சொல்லிக்கிறாங்க."

"அந்தப் பெரியவர் பாவம்னு நெனச்சு..."

"நாகி பாவமில்லையா? அவ வேலை பாக்குற ஸ்கூல்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனச்சீங்களா? மூணு நாளா அவ சாப்பிடல. நான்தான் கூட இருக்கேன்."

"நான் வந்து கால்ல விழுறேன்."

"வராதீங்க. இனிமே இந்த நம்பருக்கும் வேணாம். என் கதையும் ஒண்ணு உங்க பட்டியல்ல இருக்கு. பழசு. அதையும் எடுத்துருங்க, குசுமி-சான்."

தொழிற்சாலைக்கும் யாரோ போன் செய்தார்கள். குசுமி என்கிற பொம்பளை மீனுக்குள்ளே காகிதம் வைத்து அனுப்புகிறாளாமே என்று. மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் முதல் தட்டுக் கழுவுகிற இடத்துக்குப் போகச் சொன்னார். கினுயொ அக்கா ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள்: "எனக்கு என்னம்மா தெரியும்? பேரு எழுதத்தான் சொன்னேன். உள்ள என்ன கண்றாவிய வச்சு அனுப்புனாளோ!" எல்லோரும் டீயைக் குடித்தார்கள். தோமொயெயின் கோப்பையில் ஊற்ற மட்டும் மறந்துவிட்டார்கள்.

கார்த்திகை முடிவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டது. பக்கத்தை மட்டும் அவள் மூடவில்லை. தலைப்பு இருந்தது, கீழே வெறும் வெள்ளை.

வருஷக் கடைசிச் சந்தைக்குத் தனியாக ரயிலேறினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற நல்ல பயற்று இனிப்பு ஒரு பெட்டி. இந்த முறை தாளில் பெயர் எழுதவில்லை.

நாகி வேறு ஏதோ அனிமேயை வைத்துப் புதுப் புத்தகம் போட்டிருந்தாள். மேஜைக்கு முன்னால் நீண்ட வரிசை. பின்னால், தோமொயெ எத்தனையோ சந்தைகளில் உட்கார்ந்து உதவிய அந்த மடக்கு நாற்காலியில், ரிட்சு உட்கார்ந்து புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தோமொயெ வரிசையில் நின்றாள். முக்கால் மணி நேரம்.

"வாங்க. புதுப் புத்தகம் ஒண்ணுதான். பாக்குறீங்களா?" நாகி சிரித்த முகமாகக் கேட்டாள், முன்பின் தெரியாதவளிடம் கேட்பது போல.

தோமொயெ இடுப்பு வரைக்கும் குனிந்தாள். "நாகி-சான், நான் செஞ்சது..."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"மன்னிப்பு மட்டும்..."

"இது புத்தகம் வாங்குற வரிசைங்க. மன்னிப்புக்கு வரிசை எதுவும் போடல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உனக்கு மீன் வாடை அடிக்குதா?" என்றது ஒரு குரல். "அப்பவே அடிச்சிச்சு," என்றது இன்னொன்று.

நாகியின் சிரிப்பு போய்விட்டது. குரல் மட்டும் தணிவாகவே இருந்தது. "ஆறு வருஷம் எழுதுனத நானே அழிச்சேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சேன். படிக்கிறப்பல்லாம் உங்க ஒன்பது வரிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. என்னை அப்படிப் புரிஞ்சுக்கிட்டவங்க வேற ஒருத்தர் இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரமே. வேற யாராவது செஞ்சிருந்தா முட்டாள்னு விட்டிருப்பேன்."

தோமொயெ நிமிரவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் கேட்கக் கூடாததைக் கேட்டாள். ஆண்டவனே, அவளால் அடக்க முடியவில்லை. "கடைசி அத்தியாயம்..."

நாகி அவளையே பார்த்தாள். "எழுதியாச்சு. படிக்க வேண்டியவங்க படிப்பாங்க."

"இதையாவது..." என்று பெட்டியை நீட்டினாள்.

"வைங்க. பக்கத்து மேஜைக்காரங்களுக்குப் பசிக்குதாம்."

பெட்டி தோமொயெயின் கண்ணெதிரிலேயே கைமாறிக் கைமாறிப் போனது. ரிட்சு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். "நல்லா இருக்கே, எந்தக் கடை?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள் நாகி.

புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள், தொழிற்சாலை விடுமுறை. வெளியே முழங்கால் அளவு பனி. மாடத்துக்குச் சோறு வைத்துக் கும்பிட்டுவிட்டு, தோமொயெ கொழுக்கட்டை மாதிரியான அரிசி மோச்சியை வாட்டிக்கொண்டிருந்தாள். ரிட்சுவிடமிருந்து ஒரு செய்தி. வார்த்தை ஒன்றும் இல்லை, ஓர் இணைய முகவரி மட்டும். இரக்கப்பட்டு அனுப்பினாளா, குத்திப் பார்க்க அனுப்பினாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

திறந்தால் வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு சிறு பெட்டி. மறைவாக வைக்கிற கதைகளுக்கு இப்படித்தான் பூட்டுப் போடுவார்கள். நம்மவர்களுக்கு மட்டும் தெரிந்த கேள்வி கேட்டு, பதிலைச் சாவியாக வைப்பார்கள். கோட்டையில் எத்தனை படி, ராணியின் குதிரை என்ன நிறம் என்று இருக்கும். இங்கே கேள்வி இது:

"நம்மையெல்லாம் காட்டிக்கொடுத்தவரின் முழுப்பெயர் என்ன? ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்."

மோச்சி கருகுகிற வாடை வந்தது. எழுந்து அடுப்பை அணைத்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து, மாடத்தின் கதவைச் சாத்தினாள். அம்மா அப்பா வைத்த பெயர்.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். முதல் தடவை ஓர் எழுத்து தப்பாகிவிட்டது. "பதில் சரியில்லை" என்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது நான் இல்லையோ என்று நெஞ்சில் ஓர் ஆசை ஓடியது. இரண்டாம் தடவை நிதானமாக அடித்தாள். கதவு திறந்தது.

மேலே சின்னதாக ஓர் எண்: உள்ளே வந்தவர்கள் 214. அவளுக்கு முன்னால் இருநூற்றுப் பதின்மூன்று பேர் அந்தப் பெயரைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார்கள்.

படித்தாள். ஒர்தின் பேசினான். லஞ்சத்துக்கும் இல்லை, பயத்துக்கும் இல்லை. பனியில் யாரோ கதவைத் தட்டினார்கள், தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே திறக்காமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கோட்டை எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் அருகில் எல்லாம் இழந்த ராணி வந்து உட்கார்கிறாள். "உன் கை சில்லிட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்கிறாள். அதோடு முடிந்தது. பதினோரு அத்தியாயத்திலும் இல்லாத அழகு இதில் இருந்தது. தோமொயெயின் மூக்கு பொய் சொல்லாது. இதை நாகி சண்டைக்கு முன்னால் எழுதினாளா, பின்னால் எழுதினாளா என்று அவள் மூக்குக்குக்கூடத் தெரியவில்லை.

பிறகு, பதினெட்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. காலியாகக் கிடந்த தன் பக்கத்தைத் திறந்து ஒன்பது வரி எழுதினாள். கேமின் பெயர் இல்லை, வட்டம்கூட இல்லை. எழுதியவள் பெயர் இல்லை. முடிவு இல்லை. "தட்டுகிற சத்தம் கேட்டால் தாங்க முடியாதவர்கள் இதைப் படிக்க வேண்டும். கிடைத்தால்" என்று முடித்தாள். இதைவிட நன்றாக அவள் ஒரு நாளும் எழுதியதில்லை. அந்தப் பக்கத்துக்கு இப்போது ஒருவரும் வருவதில்லை என்ற தைரியத்தில் போட்டாள்.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பத் தொப்பியைப் பையில் வைக்கும்போது பார்த்தாள். ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது.

"எப்போதும் காட்டும் அன்புக்கு நன்றி. சிரமத்துக்கு மன்னிக்கவும். தயவுசெய்து நீக்கிவிடுங்கள். — நாகி."

தோமொயெ நின்றபடியே நீக்கினாள். "உடனே நீக்கிவிட்டேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று பதில் போட்டாள். ஏழு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பனியில் நடந்து போனாள். அன்று கழுவ எண்ணூறு தட்டுகள் இருந்தன.